கல்லூரி இசை மாணவர்களுக்கு மதிய இடைவேளைக் கச்சேரி பயன் தருமா?

காரைக்குடிப் பக்கத்துக் கல்லூரியொன்றில் இசை பயிலும் மாணவர்களை மதிய உணவு இடைவேளையில் தனியாகவும் சிறு குழுவாகவும் வாசிக்கச் செய்ய எண்ணுவதாகவும், சாப்பிடும் நேரத்தில் யார் கேட்பார்கள், மாணவர்களுக்கு இதனால் என்ன கிடைக்கும் என்ற தயக்கம் இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மாணவப் பருவத்தில் இப்படிப்பட்ட கச்சேரிகளில் வீணை வாசித்தவன் நான். இப்போது செட்டிநாட்டில் வீணை சொல்லிக்கொடுத்து, என் மாணவர்களையும் அவற்றில் வாசிக்கச் செய்கிறேன். தயங்காமல் தொடங்குங்கள். ஆனால் மாலைக் கச்சேரியின் சுருக்கமாக இதை நினைத்துவிடாதீர்கள்; இதற்கென்று தனிப் பயிற்சி வேண்டும்.

என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன். இரண்டாம் ஆண்டில் எனக்கு முதல்முறையாக 30 நிமிடம் ஒதுக்கினார்கள். நான் கல்யாணி ராகத்தை எடுத்துக்கொண்டேன். தாளமில்லாமல் ராகத்தை விரிக்கும் ஆலாபனைக்கே 18 நிமிடம் போயிற்று; தாளமின்றியே துள்ளலான நடையோடு வாசிக்கும் தானத்தை முடித்துக் கீர்த்தனைக்குள் நுழைந்து, அதன் இரண்டாம் பகுதியான அனுபல்லவியைத் தொட்டபோது பிற்பகல் வகுப்புக்கான மணி அடித்துவிட்டது. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எழுந்து போனார்கள். பக்கத்தில் மிருதங்கத்தோடு அமர்ந்திருந்த என் நண்பன், அன்றைய தனி ஆவர்த்தனத்துக்காக (மிருதங்கம் மட்டும் தனித்து ஒலிக்கும் பகுதி) ஒரு மாதம் சாதகம் செய்த தாளக் கோர்வையை வாசிக்காமலேயே மிருதங்கத்தை உறையில் போட்டுக் கட்டினான். அவன் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்த மௌனம் எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

மறுநாள் என் ஆசிரியர் கடிகாரத்தை முன்னால் வைத்து, நான்கே நிமிடத்தில் கல்யாணி வாசிக்கச் சொன்னார். முதல் நாள் கீழ்ச்சுரங்களான மந்திர ஸ்தாயியிலேயே நான்கு நிமிடமும் தீர்ந்துவிட்டது. ஒரு வாரம் விடாமல் இதையே செய்யச் சொன்னார். ராகத்தைக் காட்டும் சுரச்சேர்க்கைகளில் எந்தப் பிடியை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று அந்த வாரத்தில்தான் முதன்முறையாக யோசித்தேன். கல்யாணியின் பிரதிமத்தியமச் சுரம் தெளிவாக ஒலிக்கும் ஒரு பிடி, ஷட்ஜத்தையும் பஞ்சமத்தையும் விட்டு மேலேறும் ஒரு சஞ்சாரம், மேல் ஸ்தாயியான தார ஸ்தாயியில் ஒரு நிறுத்தம், பிறகு இறக்கம் என்று அமைந்தபோது ராகம் முழுமையாக நின்றது. வகுப்பறையில் மணிக்கணக்காக வாசித்த காலத்தில் இந்தத் தேர்வை நான் செய்ததே இல்லை. செய்ய வேண்டிய கட்டாயம் அங்கே வரவில்லை. மதியக் கச்சேரி அந்தக் கட்டாயத்தைக் கொண்டுவருகிறது என்பதற்காகவே அதை நான் இவ்வளவு மதிக்கிறேன்.

சாப்பாட்டு நேரத்தில் யார் கேட்பார்கள் என்ற கேள்விக்கு லண்டனில் ஒரு பழைய விடை இருக்கிறது. இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் அங்குள்ள தேசிய ஓவியக் கூடத்திலிருந்த ஓவியங்களைப் பாதுகாப்பான இடங்களுக்கு அனுப்பிவிட்டார்கள். இரவில் விளக்கேற்றக் கூடாதென்ற தடை இருந்ததால் மாலைக் கச்சேரிகளும் நடக்கவில்லை. மைரா ஹெஸ் என்ற பியானோ கலைஞர், வெறுமையாகிவிட்ட அந்தக் கூடத்தில் பகல் உணவு வேளையில் கச்சேரி வைக்கலாம் என்று கேட்டு, 1939 அக்டோபர் 10 அன்று தாமே முதலில் வாசித்தார். கட்டணம் ஒரு ஷில்லிங். திங்கள் முதல் வெள்ளி வரை, தனி வாசிப்பும் மூவர், நால்வர் சேர்ந்து வாசிக்கும் சிறு குழு இசையுமாக 1946 வரை, 1,600-க்கும் மேற்பட்ட கச்சேரிகள் நடந்தன. வருகிறவர்கள் வாங்கிச் சாப்பிட அங்கேயே சிற்றுண்டிச்சாலையும் இருந்தது. வேலைக்கு நடுவே வந்து பசியாறிவிட்டுக் கேட்டவர்கள்தான் அந்தக் கச்சேரிகளை வாழவைத்தார்கள். நம் சென்னை மார்கழி விழாவிலும் நண்பகல் நேரம் பெரும்பாலும் இளையவர்களுக்கே தரப்படுகிறது. பல சபாக்களில் அந்த நேரத்துக்கு நுழைவுச்சீட்டும் இல்லை.

செட்டிநாட்டுக்கு மதிய நேரம் பொருந்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தேவகோட்டை, புதுவயல், பள்ளத்தூர் என்று சுற்றியுள்ள ஊர்களிலிருந்து பேருந்தில் வரும் பிள்ளைகள் மாலையில் வகுப்பு முடிந்ததும் பேருந்தைப் பிடிக்க ஓடுவார்கள். மாலைக் கச்சேரிக்கு அவர்களை இருக்கச் சொல்வது நியாயமில்லை.

குழுவாக வாசிப்பதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நம் மேடை முறையில் பிரதானக் கலைஞர் ஒருவர், மற்றவர்கள் பக்கவாத்தியம். மாணவர்கள் இந்த அமைப்பை அப்படியே எடுத்துக்கொண்டால், நான் என் நண்பனுக்குச் செய்ததையே அவர்களும் செய்வார்கள். இருவரோ மூவரோ சம உரிமையோடு வாசிக்கும் முறைக்கு நாம் வெளியூர் தேட வேண்டியதில்லை. காரைக்குடிச் சகோதரர்களான சுப்பராம ஐயரும் சாம்பசிவ ஐயரும் இரண்டு வீணைகளைச் சேர்த்து வாசித்தவர்கள். மூத்தவர் வீணையை நிமிர்த்திப் பிடித்தும், இளையவர் கிடத்தியும் வாசித்தார்கள். இளையவருக்கு 1952-இல் சங்கீத கலாநிதி விருது கிடைத்தது. அவர்கள் பெயரோடு ஒட்டிக்கொண்ட ஊரில் இசை பயிலும் பிள்ளைகள், இரண்டு வீணையும் ஒரு மிருதங்கமுமாக அமர்ந்து தானத்தைப் பகிர்ந்து வாசித்துப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. ஒருவர் வாசிக்கும்போது மற்றவர் அடுத்து என்ன வாசிக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தால் தானம் உடனே துண்டுபட்டுவிடும். கேட்பவர்களுக்கும் அது தெரிந்துவிடும். தனியாக வாசித்தே பழகிய என் மாணவர்களுக்கு இதைக் கற்க ஒரு பருவம் முழுவதும் தேவைப்பட்டது.

நண்பகலில் வாத்தியங்களுக்கும் தனிக் கவனம் வேண்டும். வீணையில் தந்தியை அழுத்தி வாசிக்கும் 24 மெட்டுகளும் மெழுகில் நிற்பவை. நம் ஊர் வெயிலில் வீணையை வண்டியில் வைத்துவிட்டுப் போனால் மெழுகு இளகி, மெட்டுகள் நகர்ந்து, அவற்றின் சுர ஒழுங்கான மேளம் கலைந்துவிடும். வெப்பத்தில் தந்திகள் தளர்ந்து சுருதி இறங்கும். புல்லாங்குழலுக்கோ சுருதி ஏறும். ஆகவே இவ்விரண்டும் சேர்ந்த குழுவாக இருந்தால், எல்லாரும் கால் மணி முன்னதாக வாசிக்கும் இடத்துக்கே வந்து, அங்கே அமர்ந்து சுருதி சேர்க்க வேண்டும். மிருதங்கத்தின் இடப் பக்கமான தொப்பியில் ஒட்டிய ரவைப் பசையும் விரைவில் காய்ந்துவிடும் என்பதால் பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் இருக்கட்டும்.

இடமாக யாரேனும் பழைய செட்டிநாட்டு வீட்டின் வளவை (முற்றத்தைச் சுற்றிய உள்பகுதியை) தர முன்வந்தால் மகிழ்ச்சியாக ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு நாள் முன்னதாகவே போய் வாசித்துப் பாருங்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும், முட்டை வெண்கருவும் சுண்ணாம்பும் சேர்த்து இழைத்த வழவழப்பான சுவரும் ஒலியை அப்படியே திருப்பி அனுப்பும். வீணைக்கு அது நன்மை. ஒலிபெருக்கி இல்லாமலே நாதம் கடைசித் தூண்வரை போகும். மிருதங்கத்தில் விழும் அடிகளான சொற்கள் மட்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பும். தடித்த ஜமுக்காளங்களை விரித்து, கேட்பவர்களை வாத்தியங்களுக்கு நெருக்கமாக உட்காரவைத்தபோது எங்களுக்கு இந்தக் குழப்பம் பெரிதும் குறைந்தது.

கேட்க வருகிறவர்களில் பெரும்பாலோர் வணிகவியல், இயற்பியல் மாணவர்களாகவும் அலுவலகப் பணியாளர்களாகவும் இருப்பார்கள். அவர்கள் உருப்படிகளுக்கு இடையே வரவும் போகவும் இடம் கொடுங்கள். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும் ஓசைக்கு முகம் சுளிக்க வேண்டாம். ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் ஒரு தமிழ்ப் பாடலாவது இருக்கட்டும். கானாடுகாத்தான் ராஜா சர் அண்ணாமலை செட்டியார் முன்னின்று 1943-இல் தமிழ் இசைச் சங்கத்தைத் தொடங்கச் செய்ததும், கேட்பவர்களுக்குப் பொருள் புரிய வேண்டும் என்ற அக்கறையால்தானே? நண்பகலுக்குரியவை என்று மரபு சொல்லும் ஸ்ரீராகம், மணிரங்கு, மத்தியமாவதி ஆகியவற்றை வாசிக்கும் வாய்ப்பும் மாணவர்களுக்கு இந்த நேரத்தில்தான் இயல்பாக அமைகிறது. மாலைக் கச்சேரியில் மத்தியமாவதி பெரும்பாலும் கடைசி ஐந்து நிமிடத்துக்குள் ஒடுங்கிவிடுகிறது.

பொங்கல் விடுமுறை முடிந்து தை மாதத்தில், வெயில் ஏறுவதற்கு முன் தொடங்குங்கள். வாரம் ஒன்று, 25 நிமிடம் போதும். ஒரு வாரம் தனி வாசிப்பு என்றால் அடுத்த வாரம் குழு. மிருதங்க மாணவருக்கு அதில் 4 நிமிடத்தை நிகழ்ச்சி நிரலிலேயே எழுதிவிடுங்கள். வீணைக்காரர் மிச்சம் வைத்தால் பார்க்கலாம் என்று விட்டுவிடாதீர்கள்.