நாக்கில் வெள்ளைப் படிவு: கிராம்புத் தைலம் தடவலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 64 வயது. சர்க்கரை இருக்கிறது, ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுக்கிறார், மேல் வரிசைக்குப் பல்செட். ஒரு மாதமாக நாக்கிலும் கன்னத்தின் உள்பக்கமும் வெள்ளையாகப் படிகிறது, காரம் பட்டால் எரிகிறது. பூஞ்சையாம். கிராம்புத் தைலம் தடவினால் போய்விடும் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. தடவலாமா?

பதில்: வேண்டாம். ஏற்கெனவே புண்பட்ட வாயில் கலப்பில்லாத கிராம்புத் தைலம் பட்டால் தோல் வெந்துவிடும்.

அந்த அக்கா சொன்னதிலும் விஷயம் இருக்கிறது. கிராம்பில் உள்ள யூஜினால், ஓமத்தில் உள்ள தைமால், பூண்டை நசுக்கினால் வரும் அல்லிசின் இதெல்லாம் கேண்டிடா பூஞ்சையை ஆய்வுக்கூடத் தட்டில் நன்றாகவே அடக்கும். ஆனால் தட்டில் எச்சில் ஊறாது, யாரும் விழுங்கவும் மாட்டார்கள். வாயில் தடவியது கொஞ்ச நேரத்தில் கரைந்து போகும், பூஞ்சையோ பல்செட்டின் நுண்துளைகளில் வழவழப்பான படலம் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும், அதற்குள் எந்தச் சாறும் சுலபமாக இறங்காது. தவிர, நாட்டு மருந்துக் கடைத் தைலத்தில் எத்தனை சதவீதம் என்ன இருக்கிறது என்று எனக்கும் தெரியாது, கடைக்காரருக்கும் தெரியாது.

கேண்டிடா நம் வாயில் பலருக்கும் சும்மா இருக்கிற ஒன்றுதான். அதற்கு இடம் கொடுக்கிற மூன்று காரணங்களும் அம்மாவிடம் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. இன்ஹேலர் இழுத்ததும் தண்ணீரால் வாயைக் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள், நிறையப் பேர் இதைச் செய்வதே இல்லை; ஸ்பேசர் (இன்ஹேலர் முனையில் மாட்டுகிற குழாய்) வைத்து இழுத்தால் இன்னும் நல்லது. இரவில் பல்செட்டைக் கழற்றி, பிரஷ்ஷால் தேய்த்து, தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும். அப்புறம் சர்க்கரை அளவு, மூன்று மாத சராசரியோடு சேர்த்துப் பாருங்கள்.

மருந்து என்றால் பெரும்பாலும் க்ளோட்ரிமசோல் மவுத் பெயிண்ட் போதும், மருத்துவர் பார்த்து எழுதித் தரட்டும். நாலு நாளில் வெள்ளை மறைந்ததும் நிறுத்திவிடாதீர்கள், சொன்ன நாள் வரை தடவுங்கள். ஃப்ளூகோனசோல் மாத்திரையை மட்டும் கடையில் நீங்களாக வாங்க வேண்டாம்: கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையோடு சேர்ந்தால் சர்க்கரை தடாலென்று இறங்கலாம்.

வீட்டு வைத்தியம் ஏதாவது செய்தே ஆக வேண்டுமென்றால், ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்பு போட்டுக் கொப்பளிக்கலாம். தேங்காய் எண்ணெய்க் கொப்பளிப்பு, ஆஸ்துமா இருக்கிற அம்மாவுக்கு, நான் சொல்ல மாட்டேன். புரையேறி எண்ணெய் நுரையீரலுக்குப் போனால் அது பெரிய வம்பு.

இன்னொன்று: ஈரத் துணியால் மெதுவாகத் துடைத்துப் பாருங்கள். பூஞ்சை என்றால் பெரும்பாலும் உரிந்து வந்து அடியில் சிவந்து தெரியும். உரியாமல் ஒட்டிக்கொண்டிருந்தால், அதுவும் அம்மாவுக்கு வெற்றிலை பாக்கு புகையிலைப் பழக்கம் இருந்தால், இந்த வாரமே பல் மருத்துவரிடம் காட்டுங்கள். சதைப் பரிசோதனை தேவையா என்று அவர் பார்ப்பார்.