கீழ்வீட்டுக் கரப்பான் மேல்வீட்டுக்கு ஏறினால் யாரைக் கேட்பது?

கேள்வி: பதினான்கு மாடிக் குடியிருப்பில் ஒன்பதாவது மாடியில் சொந்த ஃபிளாட்டில் இருக்கிறோம். பில்டர் சாவி கொடுத்து மூன்று வருடம் ஆகிறது. ஒரு வருடமாகச் சமையலறையில் சின்னக் கரப்பான் தொல்லை. இரண்டு முறை பெஸ்ட் கன்ட்ரோல் செய்தோம். உத்தரவாதம் என்று எழுதிக் கொடுத்த நிறுவனம் இப்போது, "உங்கள் வீட்டில் ஒன்றும் இல்லை மேடம், கீழே இருந்து வருகிறது" என்கிறது. எட்டாவது மாடியில் வாடகைக்கு இருப்பவர்கள், குழந்தைக்கு வீசிங் இருப்பதால் மருந்து அடிக்க விடமாட்டோம் என்கிறார்கள். அந்த ஃபிளாட்டின் உரிமையாளர் வெளியூரில் இருக்கிறார், போனை எடுப்பதே இல்லை. அசோசியேஷன் செக்ரட்டரியோ, "வீட்டுக்குள் நடப்பது உங்கள் பாடு" என்று சொல்லிவிட்டார். மெயின்டனன்ஸ் கட்டுவதை நிறுத்தினால்தான் வழிக்கு வருவார்கள் என்கிறார் என் கணவர். போதாக்குறைக்குப் படுக்கையறையில் மூட்டைப்பூச்சியும் வந்துவிட்டது. வேறொரு பெஸ்ட் கன்ட்ரோல்காரர், மாத்திரை வைத்து அறையை மூடிவிட்டால் ஒரே நாளில் ஒழிந்துவிடும் என்கிறார். சட்டப்படி என்ன செய்யலாம்?

பதில்: கடைசியாக எழுதியிருப்பதற்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். அந்த மாத்திரையை வீட்டுக்குள் விடாதீர்கள்.

அவர் சொல்வது பெரும்பாலும் அலுமினியம் பாஸ்பைடு. தானியக் கிடங்குகளில் பயன்படுத்துவது. காற்றில் உள்ள ஈரம் பட்டதும் பாஸ்பீன் என்ற விஷவாயுவாக மாறும். அதற்கு மாற்றுமருந்து கிடையாது. அறைக் கதவை மூடினால் வாயு அறைக்குள் நிற்கும் என்பது அடுக்குமாடியில் வெறும் நம்பிக்கை. மின்கம்பிக் குழாய், ஏசி துளை, சுவர் விரிசல் என்று மூட்டைப்பூச்சி போய்வரும் வழியெல்லாம் வாயுவுக்கும் வழிதான். பூச்சிக்கொல்லிகள் சட்டம், 1968-இன் கீழ், மருந்து அடிப்பதைத் தொழிலாகச் செய்பவர் அதற்கென உரிமம் பெற்றிருக்க வேண்டும். அலுமினியம் பாஸ்பைடுக்கு அதற்கு மேலும் கட்டுப்பாடுகள் உண்டு; பொதுமக்களுக்கு அதை விற்கவே கூடாது. பக்கத்து வீட்டில் ஒருவர் உயிருக்கு ஏதாவது ஆனால் இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆவது பிரிவு வரும். கவனக்குறைவால் மரணம், ஐந்து ஆண்டு வரை சிறை. வைத்தவர் மட்டும் மாட்டுவார் என்று நினைக்காதீர்கள். ஆபத்து என்று தெரிந்தே வைக்கச் சொன்னவரையும் போலீஸ் விசாரிக்கும். அவரிடம் உரிமத்தின் நகலையும், வைக்கப்போகும் மருந்தின் பெயரையும் எழுதிக் கேளுங்கள். அநேகமாக அதோடு அவர் வரமாட்டார்.

இனி கரப்பானுக்கு வருவோம். எந்த மாநிலம் என்று நீங்கள் எழுதவில்லை. தமிழ்நாடு என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

ஒரு வீட்டில் பூச்சி இருப்பது குற்றம் அல்ல. அது அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது என்பதாலேயே இழப்பீடு கொடு என்று நீதிமன்றம் சொல்லிவிடாது. பூச்சி எந்த வழியாக வருகிறது, அந்த வழி யார் கட்டுப்பாட்டில் இருக்கிறது, அவருக்கு அது தெரிந்த பிறகும் சும்மா இருந்தாரா என்ற மூன்றுக்கும் காகிதத்தில் பதில் இருந்தால்தான் வழக்கு நிற்கும். நீங்கள் ஒரு வருடமாகப் பேசியதெல்லாம் வாய்வார்த்தை. லிஃப்டில் சொன்னதும், போனில் சொன்னதும், வாட்ஸ்அப் குழுவில் கோபமாகப் போட்ட குரல்பதிவும் பெரிதாக உதவாது.

வழியை நிரூபிப்பது நினைப்பதைவிட எளிது. கடையில் கிடைக்கும் பசை அட்டைப் பொறிகள் சில வாங்குங்கள். ஒன்றைச் சமையலறைச் சிங்க்குக்குக் கீழே, கழிவுநீர்க் குழாய் சுவருக்குள் நுழையும் இடத்தை ஒட்டி வையுங்கள். இன்னொன்றை அதே சமையலறையில் குழாயே இல்லாத மூலையில், மற்றொன்றை ஷாஃப்ட் (எல்லா மாடிக்கும் குழாய்கள் ஏறி இறங்கும் பொதுக் குழிவு) பக்கச் சுவரை ஒட்டி. ஒவ்வொன்றின் முதுகிலும் தேதி, இடம், கையெழுத்து. ஒரு வாரம் கழித்து அப்படியே படம் எடுங்கள். குழாய் ஓரப் பொறி நிறைந்தும் மற்றது காலியாகவும் இருந்தால், பூச்சி உங்கள் அலமாரியில் பிறக்கவில்லை என்பதற்கு அது நல்ல அடையாளம். குழாயைச் சுற்றி சிமென்ட் பூசாமல் விட்ட இடைவெளி இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அந்த விளிம்பில் காப்பித்தூள் சிதறியது போலக் கரும்புள்ளிகள் இருந்தால் அது கரப்பான் எச்சம். பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் படம் எடுங்கள்.

அடுத்து, உங்கள் பழைய பெஸ்ட் கன்ட்ரோல் நிறுவனம். "கீழே இருந்து வருகிறது" என்று வாயால் சொன்னார்களே, அதையே அவர்கள் லெட்டர்ஹெட்டில், பார்த்த தேதியோடு எழுதித் தரச் சொல்லுங்கள். தந்தால், கீழ்வீட்டுக்கும் அசோசியேஷனுக்கும் எதிராக உங்களிடம் தொழில் தெரிந்தவரின் கடிதம் இருக்கிறது. தர மறுத்தால், உத்தரவாதத்தைத் தட்டிக்கழிக்கச் சொன்ன சாக்கு என்று ஆகிவிடும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் கீழ் சேவைக் குறைபாடு என்று மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம், வக்கீல் கட்டாயமில்லை. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் ஒரு புகார் பதிந்துவிடுங்கள். சில நிறுவனங்கள் அந்த அளவிலேயே இறங்கிவருகின்றன.

இரண்டு முறையும் ஸ்ப்ரேதான் அடித்தார்களா என்று பில்லில் பாருங்கள். நீங்கள் சொல்வது ஜெர்மன் கரப்பானாக இருந்தால் (அரை அங்குல அளவு, தலைக்குப் பின்னால் இரண்டு கருங்கோடு) ஸ்ப்ரே அடிக்க அடிக்க அது ஒதுங்கிப் பக்கத்து வீடுகளுக்குப் போகும், பிறகு திரும்பி வரும். பெண் பூச்சி முப்பது நாற்பது முட்டை கொண்ட பையைப் பொரியும் தறுவாய் வரை உடம்போடு சுமந்துகொண்டு திரியும்; அந்தப் பைக்குள் மருந்து இறங்குவது அரிது. இதைத் தெரிந்துகொண்டே ஸ்ப்ரேக்கு உத்தரவாதம் எழுதிக் கொடுத்தார்கள் என்பதும் உங்கள் புகாரில் ஒரு வரியாக வர வேண்டும்.

இப்போது கீழ்வீட்டுக்காரர்கள். அவர்கள் மீது எனக்குக் கொஞ்சம் அனுதாபம் உண்டு. வீசிங் உள்ள குழந்தை இருக்கும் வீட்டில் மருந்துப் புகை அடிக்க மறுப்பதை எந்த நீதிபதியும் பிடிவாதம் என்று சொல்லமாட்டார். ஆனால் அவர்கள் மறுத்தது ஸ்ப்ரேயை. ஜெல் (கரப்பான் தின்று சாகும் பசை மருந்து) வைப்பதை யாராவது அவர்களிடம் கேட்டார்களா? கீல்களின் இடுக்கிலும் அலமாரியின் உள்விளிம்பிலும் குழந்தையின் கைக்கு எட்டாதபடி புள்ளி புள்ளியாக வைக்கும் ஜெல்லில் காற்றில் பரவும் புகை இல்லை. கரப்பானின் எச்சமும் உதிர்ந்த தோலும் ஆஸ்துமாவைத் தூண்டும் என்பது மருத்துவத்தில் நிலைபெற்ற விஷயம். பூச்சியை ஒழிப்பது அந்தக் குழந்தைக்குத்தான் முதலில் நல்லது. இதைச் சண்டை தொனி இல்லாமல் ஒரு பக்கக் கடிதமாக எழுதுங்கள்: ஜெல் மட்டும், உங்களுக்கு வசதியான நாளில், குழந்தையின் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு. முதல் முறை செலவை நீங்களே ஏற்பதாகவும் எழுதினால் நல்லது. "நான் ஏன் கொடுக்க வேண்டும்?" என்று கேட்பீர்கள். இவ்வளவு நியாயமான யோசனையையும் மறுத்தார்கள் என்று நீதிமன்றத்தில் காட்ட அந்தக் கடிதம் இருந்தால், கொடுத்த காசு வீணில்லை.

அதன் நகலை உரிமையாளருக்கு ஸ்பீட் போஸ்டில், பதிவு வசதியும் ஒப்புகையும் கேட்டு அனுப்புங்கள். முகவரியை அசோசியேஷன் பதிவேட்டிலிருந்து கேட்டு வாங்கலாம். போனை எடுக்காதவர் தபாலை வாங்கித்தான் ஆக வேண்டும்; வாங்க மறுத்துத் திரும்பிவந்த உறையும் ஆதாரம்தான், பிரிக்காமல் வையுங்கள். வாடகை தொடர்பான 2017-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தின்படி, வீட்டு உரிமையாளர் 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் அறிவித்துவிட்டுப் பழுது பார்க்கும் வேலைக்காக வீட்டுக்குள் வரலாம். ஆகவே "வாடகைக்காரர் விடமாட்டேன் என்கிறார், நான் என்ன செய்ய" என்று அவர் கை விரிக்க முடியாது. நீங்கள் மட்டும் எக்காரணம் கொண்டும் அவர்கள் அனுமதியில்லாமல் அந்த வீட்டுக்குள் போகாதீர்கள். அவர்கள் சமையலறையைப் படம் எடுத்துக் குழுவில் போட்டு அசிங்கம் என்று எழுதவும் வேண்டாம். வழக்கு அப்படியே உங்கள் பக்கம் திரும்பிவிடும்.

செக்ரட்டரி சொன்னது பாதிதான் சரி. உங்கள் ஃபிளாட்டுக்குள் நடப்பது உங்கள் பொறுப்பு, ஒப்புக்கொள்வோம். ஷாஃப்டும் அதில் இறங்கும் பொதுக் குழாய்களும் குப்பை அறையும் வடிகால் தொட்டிகளும் யாருடையவை? பொது இடங்கள். அவற்றைப் பராமரிக்கத்தானே மாதாமாதம் பணம் வாங்குகிறார்கள்? 1994-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022 இப்போது நடைமுறையில் இருக்கிறது. அதோடு உங்கள் அசோசியேஷன் பைலாவையும் (சங்கத்தின் உள்விதிகள்) கையில் எடுத்துப் படியுங்கள். பொதுப் பராமரிப்புக்காகவோ மற்ற ஃபிளாட்டுகளுக்குச் சேதம் வராமல் தடுக்கவோ நிர்வாகிகள் ஒரு ஃபிளாட்டுக்குள் வரலாம் என்ற விதி இருக்கிறதா என்று பாருங்கள். மகாராஷ்டிராவின் 1970-ஆம் ஆண்டுச் சட்டமும் கர்நாடகாவின் 1972-ஆம் ஆண்டுச் சட்டமும் பராமரிப்புக்காக நுழையும் உரிமையை அசோசியேஷனுக்கு வெளிப்படையாகவே தருகின்றன. உங்கள் பைலாவில் இல்லையென்றால் அடுத்த ஜெனரல் பாடியில் திருத்தம் கேளுங்கள்.

ஜெனரல் பாடியில் "பூச்சித் தொல்லை" என்று பொதுவாகப் பேசினால் ஆளுக்கொரு கதை சொல்லிக் கலைந்துவிடுவார்கள். எழுத்தில் ஒரு தீர்மானம் கொண்டுபோங்கள்: ஒரே குழாய்த் தொடரில் மேலும் கீழும் உள்ள எல்லா ஃபிளாட்டுகளுக்கும் ஷாஃப்டுக்கும் ஒரே நாளில் ஜெல் வைப்பது, சில வாரம் கழித்து மறுபடியும் வைப்பது, ஷாஃப்டில் திறந்திருக்கும் குழாய் ஓட்டைகளை அடைப்பது. தோற்றாலும் பரவாயில்லை, மினிட்ஸில் ஏறட்டும். அசோசியேஷனுக்குத் தெரியும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

அந்த ஓட்டைகளை விட்டுவைத்தது யார்? பில்டர். சாவி வாங்கி மூன்று வருடம் என்று எழுதியிருக்கிறீர்கள். ரியல் எஸ்டேட் (ஒழுங்குமுறை மற்றும் மேம்பாடு) சட்டம், 2016-இன் 14(3) பிரிவின்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் வேலைப்பாட்டிலோ தரத்திலோ குறை என்று சுட்டிக்காட்டினால், பில்டர் 30 நாளுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்ய வேண்டும். இல்லையென்றால் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் புகார் செய்யலாம். சுவரைத் துளைத்துப் போன குழாயைச் சுற்றிப் பூசாமல் விட்டது வேலைப்பாட்டுக் குறைதான் என்று வாதாடத் தயங்கமாட்டேன். கரப்பான் என்ற சொல்லைப் பெரிதாக்காமல், அடைக்கப்படாத துளைகள் என்று படங்களோடு எழுதுங்கள். உங்களிடம் இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது, ஆனால் காத்திருக்க வேண்டாம்.

கணவர் சொன்ன யோசனை வேண்டாம். மெயின்டனன்ஸை நிறுத்தினால் அடுத்த மாதமே நீங்கள் பாக்கிக்காரர். கூட்டத்தில் பேச எழுந்தால் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும், நிலுவையை வசூலிக்க அவர்கள் உங்கள் மேல் வழக்கும் போடலாம். மனம் கேட்கவில்லை என்றால், "ஆட்சேபத்தோடு செலுத்துகிறேன்" என்று ஒரு மெயில் அனுப்பிவிட்டுக் கட்டுங்கள்.

இவ்வளவுக்கும் யாரும் அசையவில்லை என்றால் வக்கீல் நோட்டீஸ், பிறகு உரிமையியல் நீதிமன்றம். தனியார் தொல்லை (ஒருவர் தன் வீட்டை நிம்மதியாக அனுபவிக்க விடாத இடையூறு) என்ற அடிப்படையில், குறிப்பிட்டுத் தீர்வு வழங்கும் சட்டம் (Specific Relief Act), 1963-இன் 39-ஆவது பிரிவின் கீழ் செயலுறுத்துக் கட்டளை, அதாவது இன்னதைச் செய் என்ற நீதிமன்ற உத்தரவு, கேட்கலாம். மனுவோடு அட்வகேட் கமிஷனரை (நேரில் பார்த்து அறிக்கை தர நீதிமன்றம் அனுப்பும் வக்கீல்) நியமிக்கவும் கேளுங்கள். அவர் நேரில் வந்து ஷாஃப்ட் கதவைத் திறந்து பார்த்து எழுதும் அறிக்கைக்குக் கிடைக்கும் மதிப்பு உங்கள் போன் படங்களுக்குக் கிடைக்காது. போலீஸில் கொடுத்தால் சிவில் விவகாரம் என்று திருப்பி அனுப்புவார்கள், அது சரியும்கூட.

நீதிமன்றப் படி ஏறுவதற்கு முன் இன்னொரு இடம் இருக்கிறது. நானாக இருந்தால் முதலில் அங்கேதான் போவேன். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய மனுவாகக் கொடுத்தால் உரிமையாளர், வாடகைதாரர், அசோசியேஷன் மூவரையும் ஒரே மேசைக்கு அழைப்பார்கள். பெண் என்பதால் வருமான வரம்பு பார்க்காமலே உங்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. மக்கள் நீதிமன்றத்தில் ஏற்படும் சமரசம் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், அதன் மேல் மேல்முறையீடு கிடையாது. அதனால் கையெழுத்துப் போடுமுன் வாசகத்தைப் பாருங்கள். "ஒத்துழைப்பார்கள்" என்று எழுதியிருந்தால் மாற்றச் சொல்லுங்கள். எந்தத் தேதி, என்ன முறை, செலவு யாருடையது, அன்று எட்டாவது மாடியின் கதவைத் திறப்பது யார் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். உரிமையாளர் வரமுடியாவிட்டால் அவருக்குப் பதில் யார் என்று பெயரோடு எழுதச் சொல்லுங்கள்.