பைக்கில் கார் டயர் போடலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கே: அமெரிக்காவில் ஹோண்டா கோல்ட் விங் என்ற பெரிய டூரிங் பைக் வைத்திருப்பவர்கள் பின்சக்கரத்தில் கார் டயர் போட்டு ஓட்டுகிறார்களாமே, நிஜமா?

ப: நிஜம்தான். அங்கே அதற்கு ‘டார்க் சைடு’ என்று பட்டப்பெயரே உண்டு. 2001இல் வந்த ஜிஎல்1800 கோல்ட் விங்கின் பின் டயர் அளவு 180/60ஆர்16; அதாவது அகலம் 180 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 60 சதவீதம், ரிம் விட்டம் 16 அங்குலம். அதைக் கழற்றிவிட்டு 195/55ஆர்16 கார் டயரை ஏற்றுகிறார்கள். கணக்குப் போட்டால் ஒன்றின் வெளிவிட்டம் 622 மி.மீ., மற்றது 621 மி.மீ. ஸ்பீடோமீட்டருக்கே வித்தியாசம் தெரியாது. கார் டயரின் ரப்பர் கெட்டி, தரையில் படும் பரப்பு தட்டை, விலையும் குறைவு. பைக் டயரைவிட வெகு தூரம் உழைக்கும். நேர்ச்சாலையில் நாள் முழுக்கப் போகிறவருக்கு ஆசை வருவது இயல்புதான்.

உறுத்துவது ரிம். அந்த வண்டியின் பின் ரிம் அகலம் 5 அங்குலம். 195/55ஆர்16 டயருக்கு அனுமதித்த ரிம் அகலமோ 5.5 முதல் 7 அங்குலம் வரை. எடுத்த எடுப்பிலேயே அரை அங்குலம் இடிக்கிறது.

கே: ரிம்மும் 16, டயரும் 16. பிறகென்ன சிக்கல்?

ப: பைக் டயரின் பக்கவாட்டில் ‘எம்/சி’ (மோட்டார்சைக்கிள்) என்று அச்சிட்டிருப்பார்கள். எண் ஒன்றாக இருந்தாலும் ரிம்மின் வடிவம் வேறு என்பதற்கான அடையாளம் அது. காரின் ஜே வகை ரிம்மில் விளிம்பு சுமார் 17 மி.மீ. உயரம், பைக்கின் எம்டி வகையில் 14 மி.மீ. டயரின் பீட், அதாவது ரிம்மைக் கவ்விப் பிடிக்கும் உள்விளிம்பு, உட்காரும் இடத்தின் வடிவமும் அப்படியே பொருந்தாது. அதனால் கார் டயரின் பீட் உட்கார அடம்பிடிக்கும். சரியான ஜோடி என்றால் சோப்புத் தண்ணீர் தடவிக் காற்றடித்தால் 40 பிஎஸ்ஐ அழுத்தத்துக்குள் ‘டப் டப்’ என்று இரு பக்கமும் உட்கார்ந்துவிடும். இங்கே உட்காராது; கடைக்காரர் 60, 80 என்று ஏற்றிக்கொண்டே போவார். இந்த வேலையிலேயே மிக ஆபத்தான கட்டம் இதுதான். பீடுக்குள் இருக்கும் எஃகுக் கம்பி அறுந்தால் டயர் வெடித்து எகிறும். குனிந்து பார்த்துக்கொண்டிருப்பவரின் முகம் அதற்கு நேராக இருக்கும்.

உட்கார்ந்துவிட்டது போலத் தெரிந்தாலும் ரிம்மை ஒட்டி டயரில் ஓடும் மெல்லிய கோட்டைச் சுற்றிலும் பாருங்கள். ஓரிடத்தில் விலகியும் ஓரிடத்தில் ரிம்முக்குள் ஒளிந்தும் இருந்தால் பீட் சரியாக உட்காரவில்லை. கோடு சீராக இருந்தால்கூட, ஓடும்போது காற்று இறங்கினால் பீட் நழுவாது என்பதற்கு அது உத்தரவாதம் ஆகாது.

கே: அகலமான டயர் என்றால் பிடிமானம் கூடத்தானே வேண்டும்?

ப: வண்டி நேராக நிற்கும்வரை கூடலாம். வளைவில் கதை வேறு. பைக் டயரின் முகம் உருண்டை; வண்டி சாயச் சாய, தரையைத் தொடும் இடம் கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்கு நகரும். கார் டயரில் நடுவில் தட்டை, முடிவில் முனை. சாயத் தொடங்கியதுமே எடை முழுவதும் அந்த முனைக்குத் தாவிவிடும். மறுபாதி தரையை விட்டுக் கிளம்பிவிடும். வண்டி தானாக நிமிரப் பார்க்கும். வலப்பக்கம் திரும்ப, வலது ஹேண்டில்பாரை முன்னே தள்ளியபடியே வளைவு முடியும்வரை பிடித்திருக்க வேண்டும். வளைவின் நடுவில் கையைத் தளர்த்தினால் வண்டி நிமிர்ந்து வெளிப்பக்கம் ஓடும். மலைப்பாதையில் வெளிப்பக்கம் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை.

நேர்ச்சாலையிலும் தொந்தரவு உண்டு. தார் மேல் தார் போட்ட விளிம்பு, லாரித் தடம் பதிந்த பள்ளம் போன்ற இடங்களில் டயரின் ஒரு முனை மட்டும் ஏறும். வண்டி உங்களைக் கேட்காமலே பக்கவாட்டில் இழுக்கும்.

கே: என் பஜாஜ் அவெஞ்சர் பைக்கின் பின் டயர் 130/90-15. அதில் 145/80ஆர்15 கார் டயர் போட உள்ளூர்க் கடையில் ஒப்புக்கொள்கிறார்கள். போடலாமா?

ப: வேண்டாம். வெளிவிட்டம் 615க்கு 613 மி.மீ. என்று ஒத்துப்போவதைத்தான் கடைக்காரர் பார்த்திருப்பார். அந்தக் கார் டயருக்குக் குறைந்தது 3.5 அங்குல ரிம் வேண்டும். உங்கள் ரிம்மில் பொறித்திருக்கும் அகலத்தைப் பாருங்கள். கார் டயருக்கு உருண்டைத் தோள் கிடையாது. அதன் சதுர முனை செயினிலோ, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மிலோ உரசக்கூடும், அதுவும் பின்னால் ஆள் ஏறி சஸ்பென்ஷன் அமுங்கும்போது. ஒருவர் மட்டும் ஓட்டும்போது பின்சக்கரத்தில் விழும் எடைக்கு கார் டயரின் கெட்டியான பக்கச்சுவர் சரியாக வளையவும் செய்யாது. ஒவ்வொரு குழியும் இடுப்பில் தெரியும்.

கே: பக்கத்தில் தனிச் சக்கரத்தோடு இருக்கை இணைத்த, சைடுகார் வைத்த வண்டிக்கும் இதே பதில்தானா?

ப: இல்லை. சைடுகார் வண்டி வளைவில் சாயாது. அதற்கு உருண்டை டயரால் பயனில்லை, அது நடுவில் வேகமாகத் தேய்வதுதான் மிச்சம். ஐரோப்பாவில் சைடுகார் கட்டுபவர்கள் 125, 135 அகலமுள்ள 15 அங்குலக் கார் டயர்களை வெகு காலமாகப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் முறையாகச் செய்பவர்கள் பைக் ரிம்மில் திணிப்பதில்லை. அச்சுக்கு ஏற்பக் கார் ரிம்மையே பொருத்துகிறார்கள். சைடுகாரைக் கழற்றித் தனி பைக்காக ஓட்டும் பழக்கம் இருந்தால் இந்த யோசனையே வேண்டாம்.

கே: பின் டயர் சீக்கிரம் தேய்கிறது. வேறு என்னதான் வழி?

ப: வாரம் ஒருமுறை, வண்டி ஓடிச் சூடேறும் முன் காற்றழுத்தம் பாருங்கள். தயாரிப்பாளர் சொன்ன அளவில் வையுங்கள். ஆள் ஏற்றினால் அதற்கான அளவுக்குக் கூட்டுங்கள். அடுத்த முறை அதே அளவில் டூரிங் வகை டயர் வாங்குங்கள். நடுப்பகுதியில் கெட்டி ரப்பரும் ஓரங்களில் மென்மையானதும் வைத்து வருபவை கிடைக்கின்றன. நடுப்பகுதி தட்டையாகி, திருப்பத்தில் வண்டி தயங்கிப் பிறகு சட்டென்று விழுவது போலத் தோன்றினால், டயரின் வரிப்பள்ளம் மிச்சமிருந்தாலும் அதை மாற்றிவிடுங்கள்.