ஆச்சி வீட்டுக் குலுக்கை

அன்புள்ள ஐயா,

கோவில்பட்டிக்குப் பக்கத்துக் கிராமத்தில், ஆச்சி வீட்டில் பள்ளி விடுமுறைகளைக் கழித்தவள் நான். சாணி மெழுகிய தரை, கம்மங்கஞ்சி, ஒரு மண்ணெண்ணெய் விளக்கு. அவ்வளவுதான் வீடு. ஆச்சி எதற்கும் ஏங்கி நான் பார்த்ததில்லை. இன்று என் வீட்டில் எல்லாம் இருக்கிறது, நிம்மதி இல்லை. அந்த எளிமையை ஏன் தொலைத்தோம்?

ஒரு வாசகி, சென்னை

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் குலுக்கையைத் தேடினேன், காணவில்லை. கரிசல் வீடு என்றால் ஒரு மூலையில் அது நின்றிருக்குமே! மண்ணைக் குழைத்து ஆள் உயரத்துக்கு எழுப்பிய தானியக் கூடு. மேல்வாயில் கொட்டுவார்கள், அடியில் உள்ள துளையைத் துணி வைத்து அடைத்திருப்பார்கள்.

கரிசல் மானாவாரி பூமி. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி ஒரே வெள்ளாமை. தை, மாசியில் வீடு வந்த கம்பும் சோளமும் அடுத்த தை வரை தாக்குப்பிடிக்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்தத் துணியை உருவும் அதிகாரம் ஆச்சிக்கு மட்டும்தான். தாத்தாகூடத் தொட மாட்டார். விதைக்கு எவ்வளவு, கூலிக்கு எவ்வளவு, இத்தனை வாய்க்கு எத்தனை மாதம் என்ற கணக்கு அவள் தலைக்குள் ஓயாமல் ஓடும். விடுமுறைக்கு வந்த பேத்தியின் கண்ணில் அது பட்டிருக்க நியாயமில்லை.

கஞ்சியும் சும்மா வந்துவிடாது. கம்பில் ஈரம் தெளித்து உரலில் குத்தி, சுளகில் புடைத்து, மறுபடி இடித்த பிறகுதான் உலை. அடுப்புக்குப் பருத்திமார், காய்ந்த பருத்திச் செடி. சடசடவென்று எரிந்து தீர்ந்துவிடும், தள்ளிக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும். புகை அவளுக்கு, கஞ்சி நமக்கு. தொட்டுக்கொள்ள, விதைக்காமலே முளைக்கும் அதலைக்காய். (அந்தக் கசப்புக்கு நான் இன்றும் அடிமை. பாகற்காயெல்லாம் அதன் முன்னால் நிற்காது.) நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும்.

ஏங்கவில்லை என்கிறீர்கள். உங்களிடம் சொல்லவில்லை என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். சிறுவாடு சேர்க்காத ஆச்சி உண்டா? என் ஆச்சி சேர்த்தது திருச்செந்தூர்க் கடலைப் பார்க்க. ஒருவழியாகப் போய்க் குளித்துவிட்டு வந்தவள், பல மாதங்கள் வேறு பேச்சே பேசவில்லை.

2008இல் ரேஷன் அரிசி கிலோ ஒரு ரூபாய்க்கு வந்தது. 2011இல் அதுவும் விலையில்லாமல் ஆனது. அதே ஆண்டு விலையில்லா மிக்சி, கிரைண்டர் திட்டமும் தொடங்கியது. எங்கள் பக்கத்தில் அதற்கு வெகுகாலம் முன்பே, அரிசி கட்டுபடியான வீடுகளில் எல்லாம் உலக்கை மூலைக்குப் போயிருந்தது. அதைச் சாத்தி வைத்தவர்கள் ஆச்சிகளேதான். யாரும் வருந்தியதாக எனக்கு நினைவில்லை. கம்பின் அருமையைப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதை இடிக்காதவர்கள். என்னையும் சேர்த்துத்தான்.

உங்கள் நிம்மதிக் குறைவுக்கு என்னிடம் மருந்தில்லை. அதற்கு மிக்சி காரணமில்லை என்பது மட்டும் தெரியும். உங்கள் அம்மா இருந்தால் ஒன்று கேளுங்கள்: ஆச்சி வீட்டுக்குக் குடிதண்ணீர் எங்கிருந்து வந்தது, எத்தனை நடை, யார் இடுப்பில்? பதிலை எனக்கும் எழுதுங்கள்.