பிரீகோடிங்குக்கு நியூரல் நெட்வொர்க்: அடுக்கைக் கூட்டினால் சரியாகுமா?

கேள்வி: 16 ஆன்டெனா கொண்ட பேஸ் ஸ்டேஷன், ஆளுக்கு ஒரு ஆன்டெனாவுடன் 4 பயனர்கள். சேனல் மேட்ரிக்ஸை (ஒவ்வொரு ஆன்டெனாவிலிருந்தும் ஒவ்வொரு பயனருக்கும் சிக்னல் எப்படி மாறிப் போய்ச் சேர்கிறது என்ற எண்கள்) கொடுத்தால், பிரீகோடரை (ஒவ்வொரு பயனரின் சிக்னலையும் எந்த ஆன்டெனாவில் எவ்வளவு வலிமையோடும் ஃபேஸோடும் அனுப்புவது என்ற எண்கள்) தரும்படி ஒரு நியூரல் நெட்வொர்க் அமைத்து, மொத்த டேட்டா வேகத்தைப் படிப்படியாக உயர்த்தும் டபிள்யூஎம்எம்எஸ்இ அல்காரிதத்தின் விடைகளை வைத்துப் பயிற்சி கொடுத்தேன். லாஸ் (பயிற்சியில் குறைக்கப் பார்க்கும் அளவு) கொஞ்சம் இறங்கி நின்றுவிடுகிறது. மொத்த டேட்டா வேகம், பயனர்களுக்கு இடையிலான குறுக்கீட்டை முழுசாக நீக்கும் எளிய முறையான ஜீரோ ஃபோர்சிங்கைக்கூட எட்டவில்லை. அடுக்குகளைக் கூட்டலாமா?

பதில்: வேண்டாம். நெட்வொர்க் சிறியதாக இருப்பதல்ல சிக்கல், அதனிடம் நீங்கள் கேட்கிற கேள்விதான் கோணல்.

முதலில் லாஸைப் பாருங்கள். ஒரு பயனருக்கான பிரீகோடர் வெக்டரின் ஃபேஸை முழுசாக எவ்வளவு சுழற்றினாலும் அவருக்குக் கிடைக்கும் சிக்னல் வலிமையும் மாறாது, மற்றவர்களுக்குப் போகும் குறுக்கீடும் மாறாது. ஆக, சரியான விடைகள் எண்ணிலடங்காதவை. டபிள்யூஎம்எம்எஸ்இயை ராண்டம் தொடக்கத்திலிருந்து ஓட்டியிருந்தால், ஏறக்குறைய ஒரே மாதிரியான இரண்டு சேனல்களில் ஒன்றுக்கு ஒரு வெக்டரும், மற்றதற்கு அதே வெக்டர் குறி மாறியும் வந்திருக்கலாம். சராசரி வர்க்கப் பிழையைக் குறைக்கப் பார்க்கும் நெட்வொர்க் இரண்டுக்கும் நடுவில் போய் நிற்கும். அந்த நடு, பூஜ்ஜியம். உங்கள் லாஸ் பாதியில் நின்றுபோவதற்கு இதுவே போதுமான காரணம்.

அதனால் அந்த விடைகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, மொத்த டேட்டா வேகத்தின் எதிர்மறையையே லாஸாக வையுங்கள். அந்தச் சூத்திரத்தை டிஃபரன்ஷியேட் செய்ய முடியும் என்பதால் கிரேடியன்ட் நேராகக் கிடைக்கும். ஒவ்வொரு பேட்ச்சுக்கும் புதுச் சேனல்களையே உருவாக்கிக்கொள்ளலாம், லேபிளுக்காக அல்காரிதத்தை ஓட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

அப்புறம் அவுட்புட். 16 ஆன்டெனா, 4 பயனர் என்றால் ரியல், இமேஜினரி சேர்த்து 128 எண்கள். அத்தனையும் நெட்வொர்க் ஊகிக்க வேண்டியதில்லை. சிறந்த லீனியர் பிரீகோடர் எந்த வடிவத்தில் இருக்கும் என்பதை ப்யோர்ன்சன், பெங்ட்சன், ஓட்டர்ஸ்டன் மூவரும் 2014-ல் அழகாக விளக்கியிருக்கிறார்கள். ரெகுலரைஸ்டு ஜீரோ ஃபோர்சிங் (நாய்ஸையும் கணக்கில் எடுக்கும் ஜீரோ ஃபோர்சிங்) மாதிரியே ஒரு தலைகீழ் (இன்வர்ஸ்) மேட்ரிக்ஸ்தான். ஆனால் உள்ளே ஒவ்வொரு பயனருக்கும் தனி எடை, வெளியே ஒவ்வொருவருக்கும் தனி பவர். எடைகள் 4, பவர்கள் 4, மொத்தம் 8 எண்கள். இரண்டு தொகுதிகளையும் சாஃப்ட்மேக்ஸில் (எண்களை, கூட்டினால் 1 வரும் பங்குகளாக மாற்றும் சூத்திரம்) விட்டு மொத்தப் பவரால் பெருக்கினால் பவர் வரம்பும் தானாகவே காப்பாற்றப்படும். எல்லா எடையும் பவரும் சமமாக வந்தாலும் கிடைப்பது ரெகுலரைஸ்டு ஜீரோ ஃபோர்சிங். ஒன்றும் கற்காத நெட்வொர்க்கே அங்கிருந்துதான் தொடங்கும்.

இன்புட்டையும் இதேபோல் சுருக்கலாம். இந்த 8 எண்களும் பயனர்களின் சேனல்களுக்கு இடையிலான உள்பெருக்கங்களை மட்டுமே சார்ந்தவை. சேனலை நாய்ஸின் திட்டவிலக்கத்தால் வகுத்துவிட்டு அந்த 4×4 மேட்ரிக்ஸைக் கொடுங்கள், கூடவே மொத்தப் பவரையும். பாத் லாஸால் (தூரம் கூடக் கூட சிக்னல் வலுவிழப்பது) மூலைவிட்ட எண்கள், அதாவது ஒவ்வொரு பயனரின் சேனல் வலிமை, பல பத்து டெசிபெல் விலகி நிற்கும். அவற்றை லாகரிதமாக மாற்றாமல் கொடுத்தால் பயிற்சி தள்ளாடும். பயனர்களின் வரிசையை மாற்றினால் விடையும் அதே வரிசையில் மாற வேண்டும். சாதாரண ஃபுல்லி கனெக்டட் நெட்வொர்க்குக்கு இது தெரியாது, 24 வரிசைகளையும் தனித்தனியாகக் கற்கப் பார்க்கும். எல்லாப் பயனர்களுக்கும் ஒரே வெயிட்களைப் பகிரும் கிராஃப் நெட்வொர்க் இங்கே பொருத்தம், இரண்டு மூன்று அடுக்கு போதும்.

ஓர் எச்சரிக்கை: இதெல்லாம் மொத்தப் பவருக்கு வரம்பு இருக்கும்போதுதான். ஆன்டெனாவுக்கு ஆன்டெனா தனி வரம்பு என்றால் வடிவம் மாறிவிடும், உள்பெருக்கங்கள் மட்டும் போதாது.

எதிர்பார்ப்பையும் கொஞ்சம் அளவோடு வையுங்கள். 16-க்கு 4, சமவலிமையுள்ள ராண்டம் ராலே சேனல் (பல திசைகளில் சிதறி வரும் சிக்னலுக்கான வழக்கமான மாதிரி) என்றால், எஸ்என்ஆர் (சிக்னலுக்கும் நாய்ஸுக்கும் உள்ள விகிதம்) அதிகமாக இருக்கும்போது ஜீரோ ஃபோர்சிங்கே நன்றாக வேலை செய்யும், நெட்வொர்க் பிடுங்க அங்கே பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. பயனர் எண்ணிக்கை ஆன்டெனா எண்ணிக்கையை நெருங்கும்போது, அல்லது இரண்டு பயனர்கள் ஒரே திசையில் இருக்கும்போதுதான் வித்தியாசம் தெரியும். சோதனைச் சேனல்களில் அப்படிப்பட்டவற்றைச் சேருங்கள்.

நிஜத்தில் உங்கள் கையில் இருக்கப்போவது பிழையுள்ள சேனல் மதிப்பீடுதான். பயிற்சியின்போது இன்புட்டையும் பிரீகோடரையும் அந்த மதிப்பீட்டிலிருந்து செய்யுங்கள். லாஸை மட்டும் உண்மையான சேனலை வைத்துக் கணக்கிடுங்கள். சிமுலேஷனில் இரண்டும் கையில் இருக்கும் என்பதால் கூடுதல் செலவு ஏதுமில்லை. மதிப்பீட்டை எவ்வளவு நம்பலாம் என்பதற்கேற்ப எடைகளை நெட்வொர்க் தானே மாற்றிக்கொள்ளும். துல்லியமான சேனல் என்று நம்பி ஓடும் டபிள்யூஎம்எம்எஸ்இயை அது முந்த வாய்ப்புள்ள இடமும் இதுவே.