குரல் தளர்ந்த பிறகு ஓபரா பாடகர்கள் பாடிய நேரடிக் கச்சேரிப் பதிவுகளை ஏன் கேட்க வேண்டும்?

கேள்வி: மரியா காலாஸ் 1974இல் டோக்கியோவில் பாடிய கச்சேரியின் காணொளியைப் பார்த்தேன். பத்து நிமிடத்துக்கு மேல் தாங்க முடியவில்லை. அவர் உச்சத்தில் இருந்தபோது பாடிய பதிவுகள் அத்தனை இருக்க, குரல் போன பிறகு பாடியதை ஏன் கேட்க வேண்டும்? அது அவருக்குச் செய்யும் அவமரியாதை இல்லையா?

பதில்:

முதல் தடவை எனக்கும் அப்படித்தான் இருந்தது. 1953இல் மிலானில் பதிவான, புச்சினியின் ‘டோஸ்கா’ ஓபராவை மாதக்கணக்கில் கேட்டு ஊறிப்போயிருந்த சமயம் அது. அதில் காலாஸும் ஜுசெப்பே தி ஸ்டெஃபானோவும் காதலர்கள். அதே இருவர் இருபது வருடம் கழித்து, பெரிய வாத்தியக் குழு இல்லாமல் ஒரு பியானோவை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் பாடினார்கள் என்று அறிந்து, ஆசையோடு தேடிப் பிடித்துக் கேட்டேன். காலாஸ் மேல் ஸ்தாயிக்கு ஏறிய முதல் இடத்திலேயே நெஞ்சு பதறியது. நிலைத்து நிற்க வேண்டிய சுரம் ஊஞ்சல் பலகை போல ஆடியது. நிறுத்திவிட்டேன். இரண்டு மூன்று வருடம் அந்தப் பக்கமே போகவில்லை.

இன்று அந்தப் பதிவுகள் இல்லாமல் காலாஸை முழுதாக அறிந்தேன் என்று என்னால் சொல்ல முடியாது. ஆகவே உங்களுக்கு என் பதில்: கட்டாயம் கேளுங்கள். ஆனால் காலாஸிடமிருந்து தொடங்காதீர்கள். வேறு சிலரைக் கேட்டுக் காது பழகிய பிறகு அவரிடம் வாருங்கள்.

முதலில், ஓபராவில் வயது ஏன் இவ்வளவு கொடுமையாக வெளியே தெரிகிறது என்பதைப் பார்த்துவிடலாம். நம் கச்சேரி மேடையில் வித்வானுக்கு வயதானால் சுருதியை அரைக் கட்டையோ ஒரு கட்டையோ குறைத்துக்கொள்வார். எதிரே ஒலிபெருக்கி இருக்கிறது. தாரஸ்தாயியில் அதிக நேரம் நிற்காமலே ஒரு ராகத்தின் உயிரைக் காட்டிவிடலாம். செம்மங்குடி சீனிவாச ஐயர் எண்பது வயதைத் தாண்டியும் கச்சேரி செய்தார். அந்தச் சாரீரத்தின் கரகரப்பைப் பொருட்படுத்தாமல் ஜனங்கள் உட்கார்ந்து கேட்டார்கள். ஓபராவில் இந்தச் சலுகைகள் கிடையாது. எந்தச் சுரத்தை, எந்த உயரத்தில், எவ்வளவு நேரம் பாட வேண்டும் என்று இசையமைப்பாளர் எழுதி வைத்துவிட்டார். முன்னால் அறுபது எழுபது பேர் வாசிக்கிறார்கள். அத்தனை ஒலியையும் தாண்டிக் கடைசி வரிசை வரைக்கும் ஒலிபெருக்கி இல்லாமல் குரல் போய்ச் சேர வேண்டும். தனிப்பாட்டு என்றால் சில சமயம் அரைச் சுரம், ஒரு சுரம் இறக்கிப் பாடுவது உண்டு. அதற்கு மேல் விட்டுக்கொடுக்க இடமில்லை.

உடம்போ தன் போக்கில் மாறிக்கொண்டிருக்கிறது. குரல் நாண்களின் நெகிழ்ச்சி குறைகிறது, குரல்வளைக் குருத்தெலும்பு கெட்டிப்படுகிறது, விலாக்கூடு முன்போல் விரிய மறுப்பதால் மூச்சின் கையிருப்பு சுருங்குகிறது. பயிற்சி பெற்ற ஓபராக் குரலில் இயல்பாகவே ஓர் அதிர்வு இருக்கும். நொடிக்கு ஐந்து முதல் ஏழு தடவை வரை அது அசையும்போது நம் காதில் தனித்தனி அசைவாக விழாது, குரலுக்கு ஒரு மினுமினுப்பாகத்தான் கேட்கும். மூச்சின் பிடி தளர்ந்ததும் அந்த அசைவு மெதுவாகிறது, அகலமாகவும் ஆகிறது. அப்போது சுரம் எது, அதன் பக்கத்துச் சுரம் எது என்றே காதுக்குக் குழப்பம் வந்துவிடும். டோக்கியோ காணொளியில் உங்களை விரட்டியது அந்த ஆட்டம்தான் என்று நினைக்கிறேன்.

முதலில் லோட்டே லேமனைக் கேளுங்கள். ஜெர்மனியில் பிறந்து வியன்னாவில் புகழின் உச்சிக்குப் போனவர். ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் ‘ரோசன்கவாலியர்’ ஓபராவில் வரும் மார்ஷலின் என்ற பாத்திரம் என்றாலே அந்தத் தலைமுறைக்கு அவர் முகம்தான் நினைவுக்கு வரும். தன் இளமை கழிந்துகொண்டிருப்பதை உணர்ந்து, இளைய காதலனைத் தானே விட்டுக்கொடுக்கும் சீமாட்டியின் பாத்திரம் அது. 1951 பிப்ரவரி 16 அன்று நியூயார்க் டவுன் ஹாலில் லேமன் பாடினார். அப்போது அவருக்கு அறுபத்து மூன்று நிறையச் சில நாட்களே இருந்தன. கச்சேரிக்கு நடுவே சபையைப் பார்த்து, இதுவே தன் விடைபெறும் கச்சேரி என்று அறிவித்தார். ‘வேண்டாம், வேண்டாம்’ என்று சபை கூக்குரலிட்டது பதிவில் கேட்கிறது. நீங்கள் மறுப்பீர்கள் என்று எதிர்பார்த்தேன் என்கிறார். பிறகு மார்ஷலினைக் குறிப்பிட்டு, அவள் கண்ணாடியைப் பார்த்து ‘நேரம் வந்துவிட்டது’ என்பாள், நானும் கண்ணாடியைப் பார்த்து அதையேதான் சொல்கிறேன் என்கிறார். பேசும்போது குரல் அவ்வளவு இயல்பாக இருக்கிறது, பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர் விடைபெறுவது போல.

கடைசியில் ஷூபர்ட் 1817இல் அமைத்த, இசைக்கு நன்றி சொல்லும் பாட்டைப் பாடினார். இரண்டே சரணம் கொண்ட சின்னப் பாட்டு. உச்சஸ்தாயி, பிர்கா என்று எதுவும் கிடையாது. ‘அருமைக் கலையே, உனக்கு நன்றி’ என்று முடியும். முதல் சரணத்தை முழுதாகப் பாடிவிட்டார். இரண்டாவது சரணத்தில் அதே வரி திரும்பி வரும்போது தொண்டை அடைத்துக்கொண்டது. ‘நன்றி’ என்ற சொல்லை அவரால் முடிக்க முடியவில்லை. அவருக்கு வாசித்துக்கொண்டிருந்த பால் உலனோவ்ஸ்கி நிறுத்தவில்லை. அந்த வரியின் மிச்சத்தைப் பியானோ சொல்லி முடிக்கிறது. அதே பாட்டைத் தங்கக் குரலில், தும்மல் இருமல் இல்லாமல் பாடிய பதிவுகள் எத்தனையோ கேட்டிருக்கிறேன். அந்தக் கடைசி வரிக்கு முழுப் பொருள் கிடைத்தது எனக்கு இந்த ஒரு பதிவில்தான்.

அடுத்து இத்தாலியப் பாடகர் பெனியாமினோ ஜீலி. 1955 ஏப்ரலில், தம் அறுபத்தைந்தாவது வயதில், நியூயார்க் கார்னெகி ஹாலில் பாடி அமெரிக்காவிடம் விடைபெற்றார். ஒலிப்பதிவு நிறுவனமே முறையாகப் பதிவு செய்ததால் ஒலி தெளிவாக இருக்கிறது. அதற்கு இரண்டரை வருடம் கழித்து அவர் இறந்துவிட்டார். முழுக்குரலில் பாடும் இடங்களில் மூச்சு முட்டுவது தெரிகிறது. அழுகையை வலிந்து கலக்கும் பழக்கம் அவருக்கு இளமையிலேயே உண்டு, இங்கே அது கூடுதலாகவே இருக்கிறது. ஆனால் குரலைப் பாதியாகக் குறைத்து இழைக்கும்போது, கண்ணை மூடிக்கொண்டால் முப்பது வயதுக்காரர் பாடுவதாகவே தோன்றும். அந்த மெல்லிய குரலை எங்கே எடுக்க வேண்டும், எவ்வளவு நேரம் அதிலேயே இருந்து மூச்சைச் சேமிக்க வேண்டும் என்று அவர் கணக்குப் போடுவதைக் காதால் பின்தொடரலாம். இளமைப் பதிவுகளில் இந்தக் கணக்கு வெளியே தெரியாது. குரலே எல்லாவற்றையும் மூடிவிடும்.

இங்கே மாக்டா ஒலிவேரோவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ‘உச்சம் கடந்த பிறகு’ என்ற சொல்லையே அவர் கேள்விக்கு உள்ளாக்கிவிடுகிறார். 1910இல் பிறந்தவர். 1941இல் திருமணமானதும் மேடையை விட்டார். பிரான்செஸ்கோ சிலேயா என்ற இசையமைப்பாளர், தன் ‘ஆட்ரியானா லெகுவ்ரர்’ ஓபராவின் நாயகியை ஒலிவேரோ மறுபடி பாடிக் கேட்க வேண்டும் என்று விரும்பி அழைத்தார். பத்து வருடம் கழித்து, 1951இல், ஒலிவேரோ மேடைக்குத் திரும்பினார். அதற்குள் சிலேயா காலமாகிவிட்டார். அமெரிக்க மேடையை முதன்முதலாக மிதித்தது 1967இல் டாலஸ் நகரில், ஐம்பத்தேழு வயதில். நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் ஓபராவில் அறிமுகமானது 1975இல், டோஸ்காவாக, அறுபத்தைந்து வயதில். பிறர் ஓய்வு பெற்றுப் பேரக் குழந்தைகளோடு இருக்கும் வயதில் இவர் அறிமுகமாகிறார்!

ஒலிப்பதிவுக் கூடத்தில் அவர் முழுமையாகப் பதிவு செய்த ஓபராக்கள் இரண்டே இரண்டு: ஒன்று 1938இல், மற்றது 1969இல். ஆகவே அவரைக் கேட்க விரும்புகிறவருக்கு நேரடிப் பதிவுகளை விட்டால் வேறு கதி இல்லை. வானொலி ஒலிபரப்பைப் பதிந்தவை, ரசிகர்கள் சபையில் உட்கார்ந்து ஒளித்துப் பதிந்தவை என்று அவை கிடைக்கின்றன. குரலைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொன்னால், அது அப்படி ஒன்றும் இனிமையான சாரீரம் இல்லை. மெலிந்தது, கொஞ்சம் காரமானது. ஆனால் ஓர் உயர்ந்த சுரத்தைப் பிடித்து, அதை மெல்ல மெல்லத் தேய்த்துக்கொண்டே போய், நூலிழை ஆக்கி, அறுபடாமல் அப்படியே நிறுத்துவார். மூச்சு இன்னும் மிச்சம் இருக்கிறதா என்று நாம் தவிக்கும்போது அவர் அமைதியாக அடுத்த சொல்லுக்குப் போயிருப்பார். சபை கத்துவதையும் சேர்த்துக் கேளுங்கள். பக்கத்து இருக்கையில் யாரோ மூச்சை இழுத்து விடுவது கூடச் சில பதிவுகளில் விழுந்திருக்கிறது.

ஒளித்துப் பதிந்தவை என்றதும் ஓர் எச்சரிக்கை. அந்தக் காலத்து நாடாக் கருவிகள் எல்லாம் ஒரே வேகத்தில் ஓடியவை அல்ல. நாடா கொஞ்சம் வேகமாக ஓடினால் சுருதி ஏறிக் குரல் கீச்சென்று இளைத்துக் கேட்கும். மெதுவாக ஓடினால் குரல் தடித்து, அசைவும் மெதுவாகித் தள்ளாடும். பாடகர் மேல் பழி போடுமுன் அதே கச்சேரிக்கு வேறு பதிவு கிடைக்கிறதா என்று பாருங்கள். ‘நேரடி’ என்று போட்டிருப்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். 2006 பிப்ரவரியில் டூரின் குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழாவில் பவரோட்டி பாடியது அவருடைய கடைசி மேடை. ஆனால் குரல் முன்கூட்டியே பதிவு செய்யப்பட்டது. உடல்நலம் குன்றியிருந்தவர், கடுங்குளிர் இரவு, வேறு வழியில்லை. அதில் எனக்குக் குறையில்லை. இந்த வரிசையில் மட்டும் அதைச் சேர்க்க மாட்டேன்.

இனி காலாஸ். லேமனையும் ஜீலியையும் போல அவர் முதுமையில் விடைபெற்றவர் அல்லர். இதை மனத்தில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டும். தி ஸ்டெஃபானோவோடு அந்தப் பயணத்தை 1973 அக்டோபரில் ஹாம்பர்க் நகரில் தொடங்கியபோது அவருக்கு ஐம்பது கூட நிறையவில்லை. ஓபரா மேடையில் கடைசியாகத் தோன்றியது 1965இல், லண்டனில். எட்டு வருடம் கச்சேரியே செய்யாத தொண்டையோடு திரும்பி வந்தார். இருபத்தைந்து வயதில், வெனிஸ் நகரில், வாக்னரின் கனமான பாத்திரத்தையும் பெல்லினியின் மென்மையான, பிர்கா நிறைந்த பாத்திரத்தையும் சில நாள் இடைவெளியில் பாடி உலகத்தை வாய்பிளக்க வைத்தவர் அவர். அந்தக் குரல் ஏன் அவ்வளவு சீக்கிரம் தளர்ந்தது என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. இளமையில் தாங்கிய பாரம் என்கிறார்கள் சிலர், உடல் எடையை வேகமாகக் குறைத்தது என்கிறார்கள் வேறு சிலர். தி ஸ்டெஃபானோவின் வீட்டிலோ மகள் புற்றுநோயால் அவதிப்பட்டுக்கொண்டிருந்தாள். இருவரும் மேடையேறியதில் இத்தனை பாரமும் சேர்ந்திருந்தது.

அவமரியாதை இல்லையா என்று கேட்டீர்கள். தனியாக வீட்டில் பழகிப் பார்த்ததை யாரோ திருடி வெளியிட்டால் அது அவமரியாதை, நானும் கேட்க மாட்டேன். டோக்கியோவில் அவர் தொலைக்காட்சிக் கேமராக்களுக்கு முன்னால், நிறைந்த சபையில், தன் குரலின் நிலை என்ன என்று நன்றாகத் தெரிந்தே நின்றார். கேட்கச் சொல்லித்தான் பாடினார். முகத்தைத் திருப்பிக்கொள்வதில் அவருக்கு மரியாதை எதுவும் இருப்பதாக எனக்குப் படவில்லை.

லேமன், ஜீலி, ஒலிவேரோ மூவரையும் கேட்ட பிறகு அந்தக் காணொளிக்கே திரும்புங்கள். முழுதாகப் பார்க்க வேண்டாம். புச்சினியின் ‘ஜானி ஸ்கிக்கி’யிலிருந்து அவர் பாடும் சின்னப் பாட்டை மட்டும் பாருங்கள். ஓர் இளம்பெண் தன் காதலனை மணக்க அனுமதி கேட்டுத் தகப்பனிடம் கெஞ்சுகிறாள். கையில் தமிழிலோ ஆங்கிலத்திலோ பொருளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்திலேயே குரல் ஒரு ஸ்தாயி முழுதும் தாவ வேண்டிய இடம் வருகிறது. ஐம்பது வயதுக் காலாஸுக்கு அது பாறையில் ஏறுவது போல, பார்க்கும் நமக்கும் கை வியர்க்கும். அதைக் கடந்துவிடுங்கள். பாட்டு ‘பாப்போ, பியெத்தா, பியெத்தா’ என்று முடிகிறது: அப்பா, இரங்குங்கள், இரங்குங்கள். குரல் இங்கே அவருக்குப் பழகிய நடு ஸ்தாயிக்கு இறங்கிவிட்டது, பயம் இல்லை. முதல் ‘இரங்குங்கள்’ அந்தப் பெண் தகப்பனிடம் கேட்பது. இரண்டாவதற்கு முன்னால் ஒரு கணம் விடுகிறார். அந்த ஒரு கணத்தில் அவர் முகத்தைப் பாருங்கள், பிறகு அந்தச் சொல்லை எப்படிச் சொல்கிறார் என்று கேளுங்கள். மூன்று வாரம் கழித்து, நவம்பர் 11 அன்று சப்போரோவில் பாடினார். அதற்குப் பிறகு அவர் பொதுமேடையில் பாடவே இல்லை.