உகாண்டாவுக்கு வாசிப்புச் சொல்லிக்கொடுக்கப் போகிறீர்களா? கேள்வி பதில்

உகாண்டாவின் தொடக்கப் பள்ளிகளில் மூன்று முதல் ஆறு மாதம் தன்னார்வலராக இருந்து, பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுக்க விரும்புகிறவர்கள் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

பி.எட். முடித்திருக்கிறேன் அக்கா. ஒரு நிறுவனம் இடம் வாங்கித்தர இரண்டு லட்சம் கேட்கிறது. நம்பலாமா?

பணம் கேட்பதாலேயே மோசடி என்று சொல்லிவிட முடியாது தம்பி. தங்குமிடத்துக்கு எவ்வளவு, சாப்பாட்டுக்கு எவ்வளவு, பள்ளிக்கு எவ்வளவு போகிறது என்று எழுத்தில் கேளுங்கள். எந்தப் பள்ளி, எந்த வகுப்பு, உங்களோடு வகுப்பெடுக்கப்போகும் உள்ளூர் ஆசிரியர் யார் என்பதற்கும் பதில் வேண்டும். அந்த நாட்டில் பதிவான அமைப்பா என்றும் பாருங்கள். உங்களிடம் காவல்துறை நன்னடத்தைச் சான்றே கேட்காமல் குழந்தைகள் நடுவில் கொண்டுபோய் விடுகிற இடம் என்றால் ஒதுங்கிவிடுங்கள். 'அநாதை இல்லத்தில் சேவை' என்று விளம்பரம் வந்தாலும் அப்படித்தான். அங்குள்ள இல்லப் பிள்ளைகள் பலருக்குப் பெற்றோரோ உறவினரோ இருக்கிறார்கள். வெளிநாட்டார் தரும் பணத்துக்காகவே நடக்கும் இல்லங்களும் உண்டு.

ஆசிரியர் அனுபவம் நிறைய இருந்தால் ஐ.நா. தன்னார்வலர் திட்டத்தில் பதிவு செய்து வையுங்கள். பதிவு இலவசம், தேர்வானால் வாழ்க்கைச் செலவுப்படியும் உண்டு. ஆனால் போட்டி அதிகம், காத்திருக்க வேண்டியிருக்கும்.

சுற்றுலா விசாவில் போய்ச் சொல்லிக்கொடுத்தால் என்ன?

செய்யாதீர்கள். சம்பளம் இல்லாவிட்டாலும் அது வேலைதான். உங்களை அழைக்கும் அமைப்புதான் அதற்கான அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். "வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றால் அபராதமும் நாடுகடத்தலும் உங்கள் தலையில்தான் விழும். கென்யா, ருவாண்டாவுக்கும் சேர்த்துத் தரும் கிழக்கு ஆப்பிரிக்க விசாவும் சுற்றுலாவுக்கு மட்டுமே.

என்னென்ன ஊசி போட வேண்டும்?

மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயம். சென்னையில் கிண்டி கிங் நிறுவனத்திலும் துறைமுகச் சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். நாளும் நேரமும் முன்பே கேட்டுக்கொண்டு, பாஸ்போர்ட்டோடு போங்கள். ஊசி போட்டதற்குச் சான்றாகத் தரும் அட்டை பத்தாம் நாளிலிருந்துதான் செல்லும், அதன்பின் ஆயுள் முழுக்கச் செல்லும். திரும்பி வரும்போது அட்டை இல்லையென்றால் இந்திய விமான நிலையத்தில் ஆறு நாள் வரை தனிமைப்படுத்திவிடுவார்கள். முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் அறுபது வயது தாண்டியவர்களும் முதலில் மருத்துவரிடம் பேசுங்கள்.

மலேரியா வராமல் தடுக்கக் குளோரோகுவின் மாத்திரை அங்கே பயன்படாது. டாக்சிசைக்ளின் எழுதிக்கொடுத்தால் போவதற்கு ஓரிரு நாள் முன்பே தொடங்கி, ஊர் திரும்பிய பிறகும் நான்கு வாரம் தினமும் சாப்பிட வேண்டும். பாதியில் நிறுத்துகிறவர்கள் இங்கே வந்து காய்ச்சலில் படுக்கிறார்கள். ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்குங்கள், உடனே படுக்காதீர்கள், நெஞ்சு எரியும். வெயிலில் தோலும் சிவக்கும்.

விக்டோரியா ஏரியில் கால் நனைக்கவும் வேண்டாம். நத்தையிலிருந்து வரும் ஒட்டுண்ணி தோல் வழியாகவே ஏறிவிடும்.

எனக்கு ஆங்கிலம் நன்றாக வரும். லுகாண்டா அவசியமா?

உகாண்டா பாடத்திட்டப்படி முதல் மூன்று வகுப்புக்கு உள்ளூர் மொழி, நான்காம் வகுப்பு மாறும் ஆண்டு, ஐந்திலிருந்து ஆங்கிலம். கம்பாலா போன்ற நகரங்களில் முதல் வகுப்பிலேயே ஆங்கிலம் வந்துவிடுகிறது, கிராமத்தில் அப்படி இல்லை. லுகாண்டா மத்தியப் பகுதி மொழி. வடக்கே போனால் அச்சோலியோ லாங்கோவோ வேண்டும். எந்த மாவட்டம் என்று தெரிந்த பிறகு படிக்கத் தொடங்குங்கள்.

லுகாண்டா நமக்கு எளிது. உயிர் ஐந்து, அவற்றில் குறில் நெடில் உண்டு. ஆங்கில எழுத்துகளில்தான் எழுதுகிறார்கள், எழுதியபடியே பெரும்பாலும் வாசிக்கலாம். எகர, இகரத்துக்குப் பின் மட்டும் ர வரும், மற்ற இடத்தில் ல. நமக்குச் சிக்கல் தருவது சொல்லின் முதலிலேயே வரும் இரட்டை மெய். காதில் விழுந்து பழகினால்தான் வாயில் வரும்.

ஒரே வகுப்பில் நூறு பிள்ளைகள் என்கிறார்கள். எங்கே தொடங்குவது?

1997இல் தொடக்கக் கல்வி இலவசமான பிறகு அரசுப் பள்ளிகளில் கூட்டம் அப்படித்தான். முதல் வாரம் பாடம் எடுக்காதீர்கள். ஒவ்வொரு பிள்ளையும் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். நம் நாட்டில் பிள்ளைகளின் வாசிப்பை அளக்கும் அசர் கணக்கெடுப்பில் வரும் தாள் போலவே ஒன்றை வைத்து அங்கே உவேசோ என்ற கணக்கெடுப்பு நடந்திருக்கிறது. அதனால் ஆசிரியர்கள் பலருக்கு இது புதிதல்ல.

ஒரு தாளில் எழுத்துகள், சொற்கள், நான்கு வரிப் பத்தி, சிறு கதை. ஐந்தில் நான்கு எழுத்து சொன்னால் எழுத்து நிலை தேறியது, சொல்லுக்கும் அதே அளவு. பத்தியில் மூன்று பிழை வரை பரவாயில்லை, ஆனால் சொல் சொல்லாக உடைக்காமல் வாக்கியமாக ஓட வேண்டும். ஆளுக்கு மூன்று நிமிடம் என்றாலும் நூறு பேருக்கு ஐந்து மணி நேரம். நான்கைந்து நாளுக்குப் பிரியுங்கள். வகுப்புக்குள் வைத்துக் கேட்டால் அடுத்த பிள்ளை காதில் வாங்கி ஒப்பித்துவிடும். மரத்தடியில் தனியாக உட்காருங்கள், தாளிலும் இரண்டு மூன்று வகை வைத்திருங்கள்.

பிறகு வகுப்பு எண்ணைப் பார்க்காமல், நிலைப்படி குழு பிரியுங்கள். எழுத்துக் குழுவுக்கு ம, மெ, மி, மொ, மு என்று அசை அட்டவணை போதும். இங்கே நடக்கும் பெரிய தப்பு, ஆங்கில எழுத்துப் பெயரைக் கலப்பது. லுகாண்டாவில் 'எ' என்று ஒலிக்கும் எழுத்துக்கு ஆங்கிலத்தில் பெயர் 'ஈ'. 'இ'க்குப் பெயர் 'ஐ'. இரண்டையும் ஒரே வாரத்தில் கேட்கும் பிள்ளை என்ன செய்யும்?

இன்னொன்று கூட்டு வாசிப்பு. நூறு குரல் சேர்ந்து முழங்கினால் வகுப்பு அருமையாகத் தெரியும், பாதிப் பேர் கரும்பலகையைப் பார்க்கவே மாட்டார்கள். அட்டவணையைக் கீழிருந்து மேலாகக் குச்சியால் காட்டுங்கள், உடனே தெரிந்துவிடும்.

பெட்டியில் என்ன வைக்கலாம்?

புத்தக மூட்டை வேண்டாம். ஆப்பிரிக்கன் ஸ்டோரிபுக் தளத்தில் லுகாண்டாக் கதைகள் இலவசமாக உள்ளன. பதினாறு பக்கக் கதையை இரு பக்கமும் அச்சிட்டு மடித்தால் நான்கு ஏ4 தாளில் முடிந்துவிடும். அட்டவணையை வெள்ளை அரிசிச் சாக்கில் மார்க்கரால் எழுதுங்கள், தாளைப் போலக் கிழியாது. நிறைய மார்க்கர், நீளக் கை ஸ்டேப்ளர், கொசுவலை, பிரிட்டன் வகைச் சதுர மூன்று முள் அடாப்டர். நம் உருண்டை முள் பிளக் அங்கே நுழையாது.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

தாராளமாக. மட்டோகே (வேகவைத்து மசித்த வாழைக்காய்), போஷோ (சோள மாவுக் களி), பீன்ஸ், நிலக்கடலைக் குழம்பு, தெருவெங்கும் சப்பாத்தி. புளிக்குத்தான் ஏங்குவீர்கள், ஒரு டப்பா புளிக்காய்ச்சல் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியர் பிள்ளையைப் பிரம்பால் அடித்தால் நான் என்ன செய்வது அக்கா?

பள்ளியில் அடிப்பதற்கு அங்கே சட்டப்படி தடை இருக்கிறது, ஆனால் வழக்கம் முழுக்கப் போகவில்லை. பிள்ளைகள் முன்னால் ஆசிரியரைத் தடுத்துப் பேசினால் மறுநாளிலிருந்து அவர் உங்களோடு வேலை செய்ய மாட்டார். மணி அடித்த பிறகு தனியாகப் பேசுங்கள். உங்களை அனுப்பிய அமைப்பின் குழந்தைப் பாதுகாப்புப் பொறுப்பாளர் யார் என்று புறப்படும் முன்பே கேட்டு, எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். காயம் தெரிந்தால் அன்றே அவருக்குச் சொல்லிவிடுங்கள். படம் எடுத்து வாட்ஸாப்பில் போடுவது அந்தப் பிள்ளைக்கு இரண்டாவது அடி.

எந்த மாதம் போனால் நல்லது?

பள்ளி ஆண்டு பிப்ரவரியில் தொடங்கி டிசம்பர் தொடக்கத்தில் முடியும், மூன்று பருவம். பிப்ரவரி முதல் பருவம் சிறந்தது. செப்டம்பரில் போனால் நவம்பரில் ஏழாம் வகுப்புப் பொதுத்தேர்வு, தொடர்ந்து ஆண்டுத் தேர்வு. புது முறையைக் கேட்க எந்தத் தலைமையாசிரியருக்கும் அப்போது நேரம் இருக்காது.